பழைய பிக்-அப் வேனுக்கு மறுபிறவி! முதலில் நோட்டு, பிறகு ஸ்பேனர்!

"கல்யாணம் பண்ணிப் பார்; வீட்டைக் கட்டிப் பார்" என்பது பழமொழி.

அந்தப் பழமொழி பிறந்த காலத்தில் மோட்டார் வண்டி கிடையாது. இருந்திருந்தால், "பழைய வண்டியைப் புதுப்பித்துப் பார்" என்று மூன்றாவதாக ஒன்றையும் சேர்த்திருப்பார்கள்!

கல்யாணம், வீடு, பழைய வண்டி. மூன்றுக்கும் ஓர் ஒற்றுமை உண்டு. ஆரம்பிக்கும்போது போடும் கணக்கு வேறு. முடிக்கும்போது ஆகும் செலவு வேறு!

அவிநாசிப் பக்கம் தோட்டத்து வேப்ப மரத்தடியில், பழைய ஜின்னிங் பாக்டரியின் பின்கட்டில், ஏதாவது ஒரு பழைய பிக்-அப் வேன் படுத்திருக்கும். டயரில் காற்று இருக்காது. சீட்டில் கோழி முட்டையிட்டிருக்கும்.

ஒரு காலத்தில் பருத்தி மூட்டையை ஏற்றிக்கொண்டு திருப்பூருக்குப் போன வண்டி அது. பிறகு நூல் மூட்டையும், பனியன் துணிப் பண்டலும் சுமந்த வண்டி. குடும்பத்துக்குச் சோறு போட்ட வண்டி.

இன்று என்ன நடக்கிறது?

பழைய இரும்புக்காரர் வந்து விலை கேட்கிறார்.

"அப்பாரு ஓட்டின வண்டிங்க அது. குடுக்கவே கூடாது" என்கிறான் பேரன்.

"அடுத்த வருஷம் உன் தங்கச்சிக்குக் கல்யாணம் வருது. அதை நெனச்சுப் பாரு" என்கிறார் தகப்பனார்.

யார் சொல்வது சரி?

இருவர் சொல்வதும் சரிதான்! வண்டியையும் காப்பாற்ற வேண்டும். கல்யாணப் பணத்தையும் தொடக் கூடாது. அதற்கு ஒரே வழி, திட்டம். ஸ்பேனரைக் கையில் எடுப்பதற்கு முன்பு ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுக்க வேண்டும். எப்படி என்று பார்ப்போம்.

உங்கள் வண்டி எந்த வண்டி?

முதலில் வண்டியின் ஜாதகம் தெரிய வேண்டும்.

அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனி 1928-ம் ஆண்டு பம்பாயில் ஒரு தொழிற்சாலை வைத்தது. செவர்லே வண்டிகளை அங்கே பூட்டி விற்றது. வெளிநாட்டிலிருந்து பாகங்களைக் கொண்டுவந்து இங்கே பூட்டினால் மட்டும் போதாது, பாகங்களையும் இங்கேயே செய்ய வேண்டும் என்று சர்க்கார் சொன்னது. அதன் பிறகு 1954-ல் அந்தக் கம்பெனி பம்பாய்த் தொழிற்சாலையை மூடியது.

மகிந்திரா கம்பெனி 1947-ல் பம்பாயில் வில்லிஸ் ஜீப்புகளைப் பூட்டத் தொடங்கியது.

சென்னையில் 1948-ல் ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி பிறந்தது. "ஸ்டாண்டர்டு 20" என்ற சிறிய சரக்கு வண்டி இந்தக் கம்பெனி செய்ததுதான். இந்தக் கம்பெனி இப்போது இல்லை.

இந்தச் சரித்திரம் எதற்கு என்று கேட்கலாம். பணத்துக்காகத்தான்!

ஒரு வண்டியைப் புதுப்பிக்க எவ்வளவு ஆகும் என்பதைத் தீர்மானிப்பது வண்டியின் வயது அல்ல. அதற்குச் சாமான் கிடைக்கிறதா என்பதுதான்.

வில்லிஸ் பிக்-அப்பை எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் 1947 முதல் 1965 வரை செய்த வண்டி. அதில் பல வண்டிகளுக்கு நாலு சிலிண்டர் பெட்ரோல் என்ஜின். ஏறக்குறைய 2,200 சி.சி. ஜீப்பில் இருந்த என்ஜினும் இதே குடும்பம்தான். ஜீப்புகள் நம் நாட்டில் ஆயிரக்கணக்கில் ஓடின. ஆகவே பிஸ்டன், வால்வு, பேரிங் போன்றவை தேடினால் கிடைக்கும்.

ஆனால் அதே பிக்-அப்பின் கதவும், முன் கண்ணாடிச் சட்டமும் ஜீப்பில் கிடையாது. அவை உடைந்திருந்தால் கையால்தான் செய்ய வேண்டும். அங்கேதான் பணம் கரையும்!

ஆகவே நோட்டின் முதல் பக்கத்தில் எழுதுங்கள்: வண்டியின் பெயர், வருஷம், சேசிஸ் நம்பர், என்ஜின் நம்பர். அடுத்த பக்கத்தில் எழுதுங்கள்: என்னென்ன பாகம் இல்லை?

ஜி.டி.நாயுடு காட்டிய வழி

பழைய மோட்டார் வண்டியைப் பற்றிப் பேசும்போது கோவை மாவட்டத்துக்காரர்கள் ஒருவரை மறக்க முடியாது. அவர்தான் விஞ்ஞானி ஜி.டி.நாயுடு.

1893-ல் கலங்கல் கிராமத்தில் பிறந்தவர். இளைஞராக இருந்தபோது, வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் மோட்டார் சைக்கிளில் வந்ததைப் பார்த்தார். அதுபோல ஒன்று தனக்கும் வேண்டும் என்று ஆசை பிறந்தது.

கடன் வாங்கினாரா? இல்லை. கோவைக்குப் போனார். ஹோட்டலில் வேலை பார்த்தார். சிறுகச் சிறுகப் பணம் சேர்த்தார். மோட்டார் சைக்கிளை வாங்கினார். வாங்கியதும் அதைப் பிரித்துப் பார்த்து, எப்படி ஓடுகிறது என்று கற்றுக்கொண்டார்!

பிறகு 1920-ல் ஒரு பஸ் வாங்கி, பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஓட்டினார். அந்த ஒரு பஸ் பின்னாளில் பெரிய பஸ் கம்பெனியாக வளர்ந்தது. 1974-ல் அவர் மறைந்தார்.

கோவையில் அவிநாசி சாலையில் அவர் பெயரால் ஒரு கார் மியூசியம் இருக்கிறது. 2015-ல் திறந்தார்கள். பல நாட்டுப் பழைய கார்களைப் புதுப்பித்து அங்கே வைத்திருக்கிறார்கள். வண்டியைப் புதுப்பிக்க நினைக்கிறவர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை குழந்தைகளையும் அழைத்துக்கொண்டு போய்ப் பார்க்கலாம். பழைய வண்டி எப்படி இருந்தது, எந்த இடத்தில் எந்தப் பாகம் வரும் என்பது கண்ணுக்குத் தெரியும்.

நாயுடுவின் வாழ்க்கை சொல்லும் பாடம் இதுதான்: முதலில் சேமிப்பு. இரண்டாவது வண்டி. மூன்றாவதுதான் பிரிப்பது!

எதற்காகப் புதுப்பிக்கிறீர்கள்?

இந்தக் கேள்விக்குப் பதில் தெரியாமல் ஒரு ரூபாய்கூடச் செலவு செய்யாதீர்கள்.

தாத்தாவின் ஞாபகத்துக்காகவா? திருவிழாவுக்கும் கண்காட்சிக்கும் எடுத்துப் போகவா? அல்லது பனியன் துணி ஏற்றிச் சம்பாதிக்கவா?

சம்பாதிப்பதற்கு என்றால், ஒரு நிமிஷம் நில்லுங்கள்.

பழைய பெட்ரோல் வண்டி எண்ணெய் குடிக்கும். நடுவழியில் நின்றால் சாமான் உடனே கிடைக்காது. துணி குறித்த நேரத்துக்குச் சாயப் பட்டறைக்குப் போகாவிட்டால் ஆர்டர் கெடும். வாடகைக்கு ஓட வேறு வண்டி பார்ப்பதே புத்திசாலித்தனம்.

பழைய வண்டி வருமானம் தராது. சந்தோஷம் தரும். சந்தோஷத்துக்காக எவ்வளவு செலவு செய்யலாம் என்பதை ஒவ்வொரு குடும்பமும் தானே முடிவு செய்ய வேண்டும். வீட்டில் உள்ள எல்லோரும் கூடி உட்கார்ந்து, ஒரு தொகையைச் சொல்லி, அதை நோட்டில் எழுதிக் கோடு போட வேண்டும்.

அந்தக் கோட்டைத் தாண்டக் கூடாது!

சட்டம் என்ன சொல்கிறது?

மத்திய சர்க்கார் 2021-ம் ஆண்டு ஜூலை மாதம் புதிய விதி ஒன்றைக் கொண்டுவந்தது. 50 வருஷத்துக்கு மேற்பட்ட பழமையான வண்டிகளுக்குத் தனிப் பதிவு உண்டு என்பதே அந்த விதி.

முதன்முதலில் பதிவு செய்த தேதியிலிருந்து 50 வருஷத்தைக் கணக்கிட வேண்டும். உதாரணமாக, 1970-ல் பதிவான வண்டி 2020-லேயே அந்த வயதை எட்டிவிட்டது.

புதிதாகப் பதிவு செய்ய ரூ.20 ஆயிரம் கட்டணம். பத்து வருஷத்துக்கு அது செல்லும். பிறகு மறுபதிவுக்கு ரூ.5 ஆயிரம் என்று விதி சொல்கிறது. புதிய நம்பராக இருந்தால் அதில் "வி.ஏ." என்ற இரண்டு ஆங்கில எழுத்துகள் இருக்கும். ஏற்கனவே நம்பர் உள்ள வண்டி, பழைய நம்பரையே வைத்துக்கொள்ளலாம்.

ஆனால் மூன்று நிபந்தனைகளைக் கவனியுங்கள்.

ஒன்று: இப்படிப் பதிவான வண்டியைத் தினமும் ரோட்டில் ஓட்டக் கூடாது. கண்காட்சி, பழைய வண்டி ஊர்வலம், பழுது பார்த்தல், பெட்ரோல் போடுதல் போன்றவற்றுக்கு மட்டுமே ஓட்டலாம்.

இரண்டு: வியாபாரத்துக்கு உபயோகிக்கக் கூடாது.

மூன்று: வண்டி பழைய உருவத்திலேயே இருக்க வேண்டும். சேசிஸ், பாடி, என்ஜின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது.

பெட்ரோல் செலவுக்குப் பயந்து, பல பழைய ஜீப்புகளில் டீசல் என்ஜினை மாட்டிவிட்டார்கள். உங்கள் வண்டியிலும் அப்படி நடந்திருக்கலாம். ஆர்.சி. புத்தகத்தில் உள்ள என்ஜின் நம்பரும், என்ஜினில் உள்ள நம்பரும் ஒன்றுதானா என்று பாருங்கள்.

இன்னொரு விஷயம். பிக்-அப் என்பது சரக்கு வண்டி. ஆர்.சி.யில் எப்படிப் பதிவாகியிருக்கிறதோ, அதைப் பொறுத்துத்தான் அடுத்த காரியம். ஆகவே பட்டறைக்குப் போவதற்கு முன்பு ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குப் போய், "இந்த வண்டிக்கு எந்த வழி?" என்று கேட்டுவிட வேண்டும்.

வண்டி தாத்தா பெயரிலேயே இருக்கிறதா? அவர் காலமாகிவிட்டாரா? அப்படியானால் வாரிசு பெயருக்கு மாற்ற வேண்டும். அதற்கு 31-ம் நம்பர் படிவம். அண்ணன் தம்பிகள் இருந்தால், முதலிலேயே எல்லோருடைய சம்மதத்தையும் வாங்குங்கள். பழைய இரும்பாகக் கிடந்தபோது யாரும் கேட்க மாட்டார்கள். பளபள என்று பெயிண்ட் அடித்து நிறுத்தியதும் பங்கு கேட்பார்கள்!

இரும்பைத் தட்டிப் பாருங்கள்

காகிதம் சரியாக இருக்கிறது. இனி வண்டியைப் பார்க்கலாம்.

முதலில் பார்க்க வேண்டியது என்ஜின் அல்ல. சேசிஸ். மனிதனுக்கு முதுகெலும்பு எப்படியோ, அப்படி வண்டிக்குச் சேசிஸ்.

ஒரு சிறு சுத்தியலால் சேசிஸைத் தட்டிக்கொண்டே வாருங்கள். நல்ல இரும்பு "கணீர்" என்று பேசும். துரு தின்ற இரும்பு "பொத்" என்று முனகும். அந்த இடத்தில் ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பாருங்கள். உள்ளே போனால் அந்த இடம் போய்விட்டது என்று அர்த்தம்.

துரு எங்கே ஒளிந்திருக்கும்? சேறு தங்கும் இடத்தில். டிரைவர் காலடித் தகடு, ஸ்பிரிங் பட்டை மாட்டும் இடம், சக்கரத்துக்கு மேல் உள்ள மட்காடு, கதவின் அடிப்பாகம். இந்த நான்கையும் விடாமல் பாருங்கள்.

அடுத்தது என்ஜின். பல வருஷம் நின்ற என்ஜினை உடனே ஸ்டார்ட் செய்யக் கூடாது! பிளக்குகளைக் கழற்றி, அந்த ஓட்டை வழியாகக் கொஞ்சம் எண்ணெய் விடுங்கள். சில நாள் ஊறட்டும். பிறகு கையால் மெதுவாகச் சுற்றிப் பாருங்கள். சுற்றினால் பாதிக் கவலை தீர்ந்தது. சுற்றாவிட்டால் முரட்டுத்தனம் வேண்டாம். மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

என்ஜின் சுற்றினால், ஒவ்வொரு சிலிண்டரிலும் கம்ப்ரஷன் எவ்வளவு என்று மீட்டர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். நாலும் ஏறக்குறைய ஒரே அளவு காட்டினால் நல்லது. ஒன்று மட்டும் மிகவும் குறைந்தால், அங்கே வால்வோ ரிங்கோ கெட்டிருக்கிறது. என்ஜினைப் பிரிக்காமலே இவ்வளவு தெரிந்துகொள்ளலாம். இதற்கு ஆகும் செலவு கொஞ்சம். இது மிச்சப்படுத்தும் பணம் அதிகம்.

மெக்கானிக்கிடம் என்ன கேட்பது?

எல்லோரும் கேட்கும் கேள்வி இது:

"ஏனுங்க அண்ணா, மொத்தமா எவ்வளவுங்க ஆகும்?"

"பிரிச்சுப் பார்த்தாத்தானுங்க தம்பி சொல்ல முடியும்."

மெக்கானிக் சொல்வது நியாயம். மூடிய என்ஜினுக்குள் என்ன இருக்கிறது என்று அவருக்கு எப்படித் தெரியும்? ஆனால் பேச்சு இத்தோடு நின்றுவிட்டால் ஆபத்து. "சரிங்க, பிரிங்க" என்று சொல்லிவிட்டு வந்தால், பிறகு வருகிற கணக்கையெல்லாம் கொடுத்துத்தான் ஆக வேண்டும். பிரித்துப் போட்ட வண்டியை வேறு பட்டறைக்குத் தூக்கிப் போக முடியுமா?

பேச்சு இப்படித் தொடர வேண்டும்:

"சரிங்க அண்ணா. என்ஜினை மட்டும் பிரிக்கிறதுக்குக் கூலி எவ்வளவுங்க?"

அவர் ஒரு தொகை சொல்வார்.

"பிரிச்சதும் சாமான் பட்டியலை எழுதிக் குடுத்துருங்க. சாமான் விலை தனி, லேத் கூலி தனி, உங்க கூலி தனியா எழுதுங்க. அதைப் பார்த்துட்டு மேற்கொண்டு சொல்றேனுங்க."

"அப்படியே செஞ்சுரலாமுங்க."

இவ்வளவுதான். சண்டை இல்லை. சந்தேகம் இல்லை. எழுத்தில் இருந்தால் இரண்டு பேருக்கும் நல்லது. நல்ல மெக்கானிக் இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார்.

நூறு ரூபாய்க் கணக்கு

இப்போது பட்ஜெட். பெரிய தொகையைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். செலவு மொத்தம் 100 ரூபாய் என்று வைத்துக்கொண்டு பங்கு பிரிப்போம். இது விலைப் பட்டியல் அல்ல. கணக்குப் போடும் முறைக்கு ஓர் உதாரணம்.

என்ஜின், கியர் பாக்ஸ் – 25
சேசிஸ், டிங்கர் வேலை, பாடி – 18
பிரேக், ஸ்டீயரிங், டயர் – 15
பெயிண்ட் – 7
பதிவு, இன்சூரன்ஸ் – 6
வயரிங், பாட்டரி – 5
குஷன், கண்ணாடி, ரப்பர் – 4
கையிருப்பு – 20

கூட்டிப் பாருங்கள். 100 வருகிறது.

உங்கள் குடும்பம் கோடு போட்ட தொகை 4 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். அப்போது என்ஜினுக்கு 1 லட்சம். பிரேக், ஸ்டீயரிங், டயருக்கு 60 ஆயிரம். பெயிண்டுக்கு 28 ஆயிரம். கையிருப்பு 80 ஆயிரம்.

கையிருப்பு எதற்கு? பிரித்த பிறகுதான் தெரியும் செலவுக்கு! பழைய வண்டியில் ஒரு போல்டைக் கழற்றினால் அது முறியும். முறிந்ததை எடுக்க லேத் பட்டறைக்குப் போக வேண்டும். இதற்கெல்லாம் கையிருப்பு வேண்டும். இந்தப் பணத்தை அலங்காரத்துக்குத் தொடக் கூடாது.

உங்கள் வண்டியின் நிலைமையைப் பொறுத்துப் பங்கு மாறும். என்ஜின் நன்றாக இருந்து பாடி துருப்பிடித்திருந்தால், என்ஜின் பங்கில் குறைத்துப் பாடிப் பங்கில் கூட்டுங்கள். ஆனால் இரண்டு பங்கை மட்டும் குறைக்காதீர்கள். ஒன்று பிரேக். மற்றொன்று கையிருப்பு.

பணம் எங்கிருந்து வரும்? வட்டிக்கு வாங்காதீர்கள். நிற்கும் வண்டிக்கு வட்டி ஓடக் கூடாது! மாதம் 10 ஆயிரம் ஒதுக்க முடியும் என்றால், 4 லட்சத்துக்கு 40 மாதம். அதாவது 3 வருஷம் 4 மாதம். கையில் ஏற்கனவே 1 லட்சம் இருந்தால் 30 மாதம், இரண்டரை வருஷம். 50 வருஷம் காத்திருந்த வண்டி இன்னும் இரண்டரை வருஷம் காத்திருக்காதா?

வரவு செலவு நோட்டு வீட்டில் யாரிடம் இருக்க வேண்டும்? வண்டிமேல் மோகம் கொண்டவரிடம் வேண்டாம்! மளிகைக் கணக்கைச் சரியாகப் பார்ப்பவர் யாரோ, அவரிடம் கொடுங்கள்.

எது முதலில்?

பெரும்பாலோர் முதலில் பெயிண்ட் அடிக்கிறார்கள். பிறகு என்ஜினை இறக்கும்போது பெயிண்ட் உரிகிறது. வெல்டிங் வைக்கும்போது கருகுகிறது. மறுபடியும் பெயிண்ட்! ஒரே வேலைக்கு இரட்டைச் செலவு.

சரியான வரிசை இது:

1. காகிதம்.
2. சேசிஸ், ஸ்பிரிங் பட்டை.
3. பிரேக், ஸ்டீயரிங், சக்கரம்.
4. என்ஜின், கியர் பாக்ஸ்.
5. டிங்கர் வேலை, பாடி.
6. வயரிங்.
7. பெயிண்ட்.
8. குஷன், கண்ணாடி.

ஓடுவதற்கு முன்பே பிரேக்கா என்று கேட்கலாம். அவிநாசித் தேரோட்டத்தைப் பார்த்தவர்கள் அப்படிக் கேட்க மாட்டார்கள். வடம் பிடிக்க எத்தனை பேர் வந்தாலும், சக்கரத்துக்குப் பக்கத்தில் முட்டுக்கட்டை போடுபவர்கள் நின்றால்தான் தேர் நகரும். நிறுத்தத் தெரிந்த பிறகுதான் நகர்த்த வேண்டும்!

பழைய பிரேக்கில் ரப்பர் வாஷர்கள் இறுகிப் போயிருக்கும். வெளியே நன்றாகத் தெரிந்தாலும் உள்ளே எண்ணெய் கசியும். மாஸ்டர் சிலிண்டர், சக்கர சிலிண்டர் ரப்பர்கள், ஹோஸ் எல்லாவற்றையும் மாற்றிவிடுங்கள். "இது ஒன்று இருக்கட்டுமே" என்று பழையதை விடாதீர்கள்.

இன்னொரு யோசனை. பணம் இருக்கும் அளவுக்கு மட்டும் பிரியுங்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் பிரித்துப் போட்டால், பணம் தீர்ந்ததும் வேலை நிற்கும். பிரித்த சாமான் மழையில் துருப்பிடிக்கும். பாதி தொலைந்துபோகும். அப்புறம் இரும்புக்காரர் சொன்னதுதான் விலை!

கழற்றும்போது ஒவ்வொரு பாகத்தையும் செல்போனில் படம் பிடியுங்கள். நட்டு, போல்டுகளைத் தனித்தனிப் பையில் போட்டுச் சீட்டு எழுதிக் கட்டுங்கள். துடைக்கத் துணி வேண்டுமா? திருப்பூர்ப் பனியன் கட்பீஸ் இருக்கவே இருக்கிறது!

சுண்டைக்காய் கால் பணம்

"சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்" என்பார்கள். பழைய சாமான் வாங்கும்போது இது நூற்றுக்கு நூறு உண்மை.

சென்னை புதுப்பேட்டையில் பழைய மோட்டார் சாமான் கடைகள் வரிசையாக இருக்கின்றன. ஆனால் ஒரு விளக்கு வளையத்துக்காகச் சென்னைக்குப் போய் வந்தால், வளையத்தைவிடப் பயணச் செலவு அதிகம். ஆகவே பட்டியல் முழுவதையும் சேர்த்து எழுதி, ஒரே தடவையில் போய் வாருங்கள். பழைய சாமானைக் கையில் எடுத்துப் போங்கள். அளவு பார்த்து வாங்குங்கள்.

நம் பக்கத்துக்காரர்களுக்கு ஓர் அதிர்ஷ்டம் உண்டு. கை வேலைக்காரர்கள் பக்கத்திலேயே இருக்கிறார்கள். கோவையில் வார்ப்படப் பட்டறைக்கும் லேத் பட்டறைக்கும் பஞ்சமில்லை. கிடைக்காத சிறு பாகத்தை மாதிரி காட்டிச் செய்து வாங்கலாம். பின்பக்கப் பாடிக்குப் பலகையும் சட்டமும் போட வேண்டுமா? லாரிக்குப் பாடி கட்டுவதில் நாமக்கல், திருச்செங்கோடு பட்டறைகளுக்குப் பெயர் உண்டு.

வாங்கும் ஒவ்வொரு சாமானுக்கும் ரசீது கேட்டு நோட்டில் ஒட்டுங்கள். யாருடைய வண்டியிலிருந்து வந்தது என்று தெரியாத என்ஜினை மட்டும் வாங்கவே கூடாது.

இந்தக் காலப் பெட்ரோல்

வண்டி பழசு. பெட்ரோல் புதுசு. இரண்டுக்கும் ஒத்துப்போக வேண்டும்.

அந்தக் காலப் பெட்ரோலில் ஈயம் கலந்திருந்தது. அது வால்வு உட்காரும் இடம் தேயாமல் காத்தது. நம் நாட்டில் 2000-ம் ஆண்டோடு ஈயம் கலந்த பெட்ரோல் நின்றுவிட்டது. ஆகவே என்ஜின் ஹெட்டைப் பிரிக்கும்போதே, கெட்டியான வால்வு சீட் போட வேண்டுமா என்று லேத் பட்டறையில் கேளுங்கள்.

இப்போது பெட்ரோலில் எத்தனால் கலக்கிறார்கள். 2025-ல் இது 20 சதவீதத்தை எட்டியது. எத்தனால் பழைய ரப்பரைக் கெடுக்கும். பெட்ரோல் பம்பின் டயாபிரம், ஹோஸ் ஆகியவை இளகிக் கசியும். சூடான என்ஜின்மேல் பெட்ரோல் கசிந்தால் என்ன ஆகும்? தீ! எத்தனாலைத் தாங்கும் ரப்பராகப் பார்த்து மாற்றுங்கள். வண்டியில் ஒரு சிறு தீயணைப்பானும் இருக்கட்டும்.

பழைய வண்டிகள் பலவற்றில் 6 வோல்ட் பாட்டரி. இன்றைய 12 வோல்ட் பாட்டரியை அப்படியே மாட்டினால் பல்புகள் எரிந்துபோகும். வயரிங் வேலைக்காரர் முதலில் இதைப் பார்க்க வேண்டும்.

உயிருக்கு ஜாக்கிரதை!

பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம். காய்ந்த பெயிண்டைத் தேய்த்தால் தூசி பறக்கும். குழந்தைகளுக்கு அது விஷம். தண்ணீர் விட்டு, ஈரமாகத் தேய்க்க வேண்டும். முகத்துக்கு மாஸ்க் வேண்டும். குழந்தைகள் அந்தப் பக்கம் வரக் கூடாது.

பழைய பிரேக் லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். அந்தத் தூசியைக் காற்றடித்து ஊதக் கூடாது. நுரையீரலைக் கெடுக்கும். ஈரத் துணியால் துடைத்து எடுங்கள்.

ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் படுக்காதீர்கள். அடியில் ஸ்டாண்டு கொடுத்து, ஆட்டிப் பார்த்த பிறகே உள்ளே போங்கள்.

எப்போது நிறுத்துவது?

ஆரம்பிக்கத் தெரிவது போல நிறுத்தவும் தெரிய வேண்டும்.

ஒவ்வொரு கட்டம் முடிந்ததும் நோட்டைத் திறந்து மூன்று கேள்வி கேளுங்கள். இதுவரை எவ்வளவு ஆயிற்று? இன்னும் எவ்வளவு வேண்டும்? கோட்டுக்குள் முடியுமா?

முடியும் என்றால் தொடருங்கள். முடியாது என்றால் வேலையை நிறுத்தி, வண்டியை மூடி, உலர்ந்த இடத்தில் வையுங்கள். பணம் சேர்ந்ததும் தொடரலாம். அது தோல்வி அல்ல.

சேசிஸே போய்விட்டது, சாமானும் கிடைக்காது என்று தெரிந்தால்? பிரிக்காமல் முழு வண்டியாக, இதே வண்டியைப் புதுப்பிக்கும் இன்னொருவருக்குக் கொடுங்கள். இரும்பு விலையைவிட நல்ல விலை வரும். உங்கள் வண்டியின் கதவு இன்னொரு வண்டியில் ஓடும். கொடுக்கும்போது ஆர்.சி. பெயர் மாற்றத்தை முடித்துவிடுங்கள். உடைக்கவே போகிறது என்றால், சர்க்கார் அங்கீகாரம் பெற்ற உடைப்பு நிலையத்தில் கொடுத்துப் பதிவை ரத்து செய்யுங்கள். இல்லாவிட்டால் நாளை ஏதாவது தப்பு நடந்தாலும் உங்கள் வீட்டுக்குத்தான் போலீஸ் வரும்.

அப்பாருவின் ஞாபகம் போய்விடுமே என்று கவலைப்பட வேண்டாம். அவர் பிடித்த ஸ்டீயரிங் சக்கரத்தை மட்டும் கழற்றி வீட்டில் மாட்டுங்கள். அதற்கு மாதம் 10 ஆயிரம் வேண்டாம். ஓர் ஆணி போதும்!

ஆனால் சேசிஸ் "கணீர்" என்று பேசுகிறதா? என்ஜின் கையால் சுற்றினால் சுற்றுகிறதா? வீட்டில் எல்லோரும் சம்மதமா? அப்படியானால் தயங்க வேண்டாம்.

கடைக்குப் போய் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். முதல் செலவாக அதன் விலையையே எழுதுங்கள்!